பாஸில் இல்லாத தெரு

விடியும்போதே முப்பது மெஷின்களும் கத்த ஆரம்பித்துவிட்டன. ஊரே நோய்க்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி அங்கி தைக்கிற பெண்களுக்கு மட்டும் ஊரடங்கில் விலக்கு. கழுத்தில் தொங்கிய பாஸில் வீடு, ஆலை, நடுவில் உள்ள தெரு. வேறெங்கும் கால் வைக்கக் கூடாது.

அங்கிக்குக் கை வைத்துத் தைக்கிறவளுக்கு அன்று தன் கையையே தூக்க முடியவில்லை. புருஷனுக்கு வேலை போய் நாற்பது நாள். அந்தக் கோபமெல்லாம் இவள் தோளில்தான் இறங்கியது. துணியைத் திருப்பிப் போட வலித்ததால், பன்னிரண்டு அங்கிக்கு வலக்கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள்.

"கண்ணு எங்க இருக்கு உனக்கு? எல்லாத்தையும் பிரி," என்றாள் தைத்ததைச் சரிபார்க்கிற செக்கர். எதற்கும் சட்டம் பேசுவதால் அவளுக்கு அங்கே பெயர் சட்டக்காரி. யாராவது மாஸ்க்கை இறக்கினால் எகிறுவாள். தான் சாப்பிடும்போதுகூடச் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவாள்.

நாடா தைக்கிற அக்கா ரேடியோச் சேதியை ஒப்பித்தாள். "நெருக்கடி நேரத்துல பொண்டாட்டிய அடிச்சா இனிமே ரெட்டிப்பு ஜெயிலாம்!"

"ஏட்டுச் சுரைக்காய்க்கா. புகார் குடுக்கப் போனா, ஊரடங்க மீறினேன்னு முதல்ல நம்மளத்தான் உள்ள போடுவாங்க," என்றாள் பக்கத்து மெஷின்காரி.

சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது.

கை தைக்கிறவள் எழுந்து முதலாளி முன்னால் போய் நின்றாள். "சார், பாஸ்ல போலீஸ் ஸ்டேஷன் தெருவையும் எழுதிக் குடுங்க."

"வீட்டுச் சண்டையெல்லாம் இங்க கொண்டு வராதம்மா."

"அந்தச் சண்டைதான் சார் உங்க பன்னெண்டு அங்கியக் கெடுத்துச்சு."

"அப்ப பாஸை வச்சிட்டுப் போ. நாளைக்கு வர வேணாம்."

பாஸ் போனால் இருபத்துநாலு மணி நேரமும் புருஷனோடுதான்.

நாடா அக்கா மெஷினை நிறுத்தினாள். பக்கத்து மெஷின் நின்றது. ஒவ்வொன்றாக முப்பதும் ஓய்ந்தன.

"எங்க பாஸையும் வாங்கிக்குங்க சார். அங்கிய நீங்களே தைச்சு அனுப்புங்க," என்றாள் அக்கா.

முதலாளி பாஸைத் தொடவில்லை. தெருவை எழுதித் தரவும் இல்லை.

சாயங்காலம் ஆலை வேன் ஸ்டேஷன் தெரு முனைக்கு வந்தபோது பத்துப் பேர் இறங்கினார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஸ்டேஷன் கேட் பூட்டிக் கிடந்தது. "புகாரெல்லாம் போன்லதான்," என்றார் உள்ளே நின்ற காவலர்.

"போன் என்னை அடிக்கிற புருஷன்கிட்ட இருக்கு சார்."

"பாஸைக் காட்டு... இந்தத் தெருவே இதுல இல்லையே! முதல்ல உங்க மேலதான் கேஸ் எழுதணும்."

அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது. "எழுதுங்க சார். எதுக்கு வந்தேன்னு அதுலயே எழுதுங்க."

"அடி வாங்கினது நீ ஒருத்திதானே? மத்தவங்க கிளம்புங்க."

இடைவெளிக்காகத் தரையில் போட்டிருந்த வட்டங்களில் ஆளுக்கொன்றாக நின்றார்கள். யாரும் நகரவில்லை. அவளுக்கு அடுத்த வட்டத்தில் நின்றது சட்டக்காரி. மெதுவாக மாஸ்க்கைக் கழற்றினாள். உதடு கிழிந்து, தாடை கறுத்திருந்தது.

"இவளுக்கு அடுத்து நான் சார்," என்றாள்.

காவலர் கேட் சாவியைத் தேடவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பத்துப் பேரும் அவரவர் வட்டத்திலேயே உட்கார்ந்தார்கள்.