மூன்று கொம்புள்ள பெட்டி

மகன் டெறிக்கை வீட்டுக்குள் இருத்தி வைப்பதற்காகத்தான் சவுந்தரநாயகம் இன்டர்நெட் லைன் எடுக்கப் புறப்பட்டார். மற்றபடி மகன் நெற்றில் விளையாடும் அந்தச் சுடுகிற விளையாட்டில் அவருக்கு எள்ளளவும் விருப்பமில்லை. "ரோட்டில சுடுறது காணாதெண்டு வீட்டுக்குள்ளயும் சுடோணுமோ?" என்று கேட்பார். டெறிக் சிரிப்பான். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பிள்ளை. பின்னேரமானால் கொட்டாஞ்சேனைச் சந்திக்குக் கிட்ட இருந்த நெற் கஃபேயில் போய்க் குந்திவிடுவான். ரொறன்ரோவில் இருந்த மாமன் மகன் ஜெறோமும் அவனும் இன்னும் மூன்று பேரும் ஒரு குழு. ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு ஒன்றாய் நின்று சுடுவார்கள்.

அது 2007ஆம் ஆண்டு, போர்க்காலக் கொழும்பு. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப்பையில் இருந்தாலும், பின்னேரம் வெளியே போன தமிழ்ப் பெடியன் இரவுச் சாப்பாட்டுக்கு வருவானா என்பது நிச்சயமில்லை. லொட்ஜுகளிலும் கஃபேக்களிலும் பெடியங்களைக் கூட்டமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலர் அடுத்தநாள் வீங்கிய முகத்தோடு வந்தார்கள். வராதவர்களைப் பற்றி ஒருவரும் உரத்துக் கதைக்கவில்லை.

"லைன் வீட்டுக்கு வந்தா நான் கஃபே பக்கம் தலைவச்சும் படுக்கமாட்டன். அம்மா மேல சத்தியம்," என்றான் டெறிக்.

"என்னை ஏன்டா இழுக்கிறாய்? உன்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு," என்றாள் ஐறீன்.

துறைமுகக் களஞ்சியத்தில் கிளார்க்காக இருந்த சவுந்தரநாயகம் எதையும் முறையாகச் செய்கிற மனிதர். லீவு போட்டுக்கொண்டு பம்பலப்பிட்டிக்கு, தெரிந்த பெடியன் புவாத் நடத்திய கொம்பியூட்டர் கடைக்குப் போனார். போகுமுன் மகனிடம் பாடம் கேட்டார். வேகம் பெரிதில்லை, தாமதம்தான் பெரிது என்றான் டெறிக். "இங்க நான் ஒரு கீயை அமத்தினா அது அங்க போய்த் திரும்பி வரோணும் அப்பா. அந்தப் போய்வாற நேரம் கூடிச்செண்டா, அவன் என்னைச் சுட்டதே எனக்குத் தெரியாது. செத்துக் கிடப்பன்."

"வாயைக் கழுவு," என்றார் அவர்.

புவாத் பொறுமையாகச் சொன்னான். "கைபோன் கொம்பனிட டொங்கிள் மெயில் பார்க்கச் சரி அண்ணே. கேமுக்கு இழுபடும். நீங்க வீட்டு டெலிபோன் கம்பியிலேயே லைன் எடுங்க. அதுக்கு மோடமும் ரவுட்டரும் ஒண்டா உள்ள இந்தப் பெட்டி போதும்."

பெட்டி சின்னதாக, ஒற்றை அன்ரெனாக் கொம்போடு இருந்தது. சவுந்தரநாயகத்துக்கு மனம் ஒப்பவில்லை. "மச்சான் கனடாவில இருந்து ரவுட்டர் அனுப்புறார் தம்பி. மூண்டு கொம்பு. கேமுக்கெண்டே செய்ததாம்."

"அங்க முக்காவாசி வீடுகள்ள கேபிள் லைன் அண்ணே. நம்மட டெலிபோன் கம்பி அதில கொழுவேலுமாண்டு ஒருக்கா கேட்டுப் பாருங்க."

விற்கிறவன் வேறென்ன சொல்லுவான் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினார். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதாகத்தான் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் பிலிப்பு, ஜெறோமின் தகப்பன், போன் எடுத்தபோது கேள்வி நுனிநாக்கில் நின்றது. அப்போதெல்லாம் கொழும்புத் தமிழர் வீடுகளில் போனுக்குக் காது இருந்தது. போனில் சாவுக்குச் சுகவீனம் என்பார்கள், பிடிபட்டதற்கு ஆஸ்பத்திரி என்பார்கள். அன்ரெனா, சிக்னல், வயர்லெஸ் என்றெல்லாம் வெளிநாட்டுக்குக் கதைத்தால் கேட்டுக்கொண்டிருக்கிறவன் ரவுட்டர் என்றா நினைப்பான்?

"பிலிப்பு, அந்தச் சாமான்..." என்று தொடங்கினார். பக்கத்தில் நின்ற ஐறீன் கண்ணை உருட்டி, உதட்டில் விரலை வைத்தாள்.

"சொல்லுங்கோ அத்தான்."

"அது... இங்கத்தக் கரண்டுக்குச் சரிவருமோ?"

"சிங்கன் மாதிரி வேலை செய்யும். அதுக்கு யோசிக்காதேங்கோ."

கம்பியைப் பற்றிய கேள்வியை விழுங்கிவிட்டார்.

கனடாவிலிருந்து வெள்ளவத்தைக்குக் கலியாணவீட்டுக்கு வந்த பத்மாவதி என்ற பெண்மணி பெட்டியைச் சேலைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தாள். டெறிக் அதைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக் கொம்புகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பூட்டினான். கஃபேக்குப் போவதையும் அன்றோடு நிறுத்தினான். லைன்காரர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று பின்னேரமே போட்டி வைத்துக்கொள்ளலாம் என்று ஜெறோமுக்கு அறிவித்தான். வீட்டுக் கொம்பியூட்டரைத் திறந்ததும் விளையாட்டு தன் பெயரில் தானாகவே உள்ளே போகிற மாதிரி எல்லாம் ஒழுங்குபண்ணி வைத்தான்.

லைன்காரர் சனிக்கிழமை மத்தியானம் தாண்டி வந்தார். சுவரில் ஒரு சின்னப் பிரிப்பானைப் பூட்டி, இனி நெற் ஓடும்போதும் போன் அடிக்கும் என்று சிங்களத்தில் விளக்கினார். பிறகு கனடாப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். டெலிபோன் கம்பியின் முனையை ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்துப் பார்த்தார். எல்லா ஓட்டையும் பெரிது.

"மேக ஹரியன்னே நே, அய்யே," என்றார். சரிவராதாம். இடையில் மோடம் வேண்டுமாம்.

சவுந்தரநாயகம் புவாத்தின் கடைக்குப் போன் அடித்தார். அடித்துக்கொண்டேயிருந்தது. சனிக்கிழமை அரைநாளோடு பூட்டிவிடுவார்கள்.

டெறிக் கட்டிலில் போய் இருந்தான். அவன் கத்தியிருந்தால் தகப்பனுக்குச் சுகமாக இருந்திருக்கும். "பரவாயில்ல அப்பா. ஜெறோமாக்கள் விடியவே எழும்பிப் பாத்துக்கொண்டு இருப்பாங்கள், அவ்வளவுதான்," என்றான்.

அந்த 'அவ்வளவுதான்' அவரைச் சுட்டது. "இண்டைக்கு ஒருநாள் கஃபேக்குப் போட்டு வா. திங்கக்கிழமை நான் புவாதிட்ட அந்தப் பெட்டியை எடுத்திடுவன்."

"இஞ்சேருங்கோ, விசரே உங்களுக்கு? அவனே பேசாமல் இருக்கிறான்," என்றாள் ஐறீன்.

"பிழை என்ரதடியப்பா. பிள்ளை ஏன் முகத்தைத் தொங்கப்போடோணும்?"

டெறிக் சட்டையை மாற்றிக்கொண்டு போனான். படியிறங்கும்போது, "வரேக்க இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு வாறன்," என்றான்.

பாண் வரவில்லை. இருட்டியதும் சவுந்தரநாயகம் சந்திக்கு ஓடினார். கஃபேக்காரன் ஷட்டரை அரைவாசி இழுத்துவிட்டு நின்றான். ஒரு வாகனம் வந்ததாம், தமிழ்ப் பெடியங்களை மட்டும் ஏற்றியதாம். இலக்கத்தகடு? இல்லை என்று அவன் தலையை ஆட்டினான். உள்ளே ஒரு கொம்பியூட்டர் இன்னும் அணைக்கப்படாமல் கிடந்தது. கதிரை பின்னுக்குச் சரிந்திருந்தது.

பொலிஸ் நிலையத்தில் அப்படி ஒருவரையும் பிடிக்கவில்லை என்றார்கள். அடுத்ததிலும் அதே பதில். ஃபாதர் கடிதம் தந்தார், பெரிய மனிதர்கள் போன் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் ஐறீன் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் முழங்காலில் நின்றாள். ரொறன்ரோவுக்கு, டெறிக் ஆஸ்பத்திரியில், எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாது என்று சொன்னார்கள். பிலிப்புக்கு விளங்கியது. மறுமுனையில் அழுகை கேட்டது.

மாதம் ஒன்றுக்கு மேலாயிற்று. ஒருநாள் காலையில் சவுந்தரநாயகம் வேலைக்கென்று இறங்கி, பம்பலப்பிட்டிக்குப் போனார்.

"அந்த ஒத்தைக் கொம்புப் பெட்டியைத் தாங்கோ தம்பி."

புவாத்துக்கு விசயம் தெரியும். ஒன்றும் கேட்காமல், லைனுக்குரிய விபரம் எல்லாவற்றையும் தானே பெட்டியில் பதிந்து கொடுத்தான். "கொண்டுபோய்க் கொழுவினாச் சரி அண்ணே." அவர் நீட்டிய சல்லியைக் கையால் தள்ளிவிட்டான்.

அவருக்குள் ஒரு கணக்கு இருந்தது. லைன் வந்தால் வீட்டில் இருப்பேன் என்பது பிள்ளையின் சத்தியம். லைனை வரவைப்பது தகப்பனின் பொறுப்பு. தன்னுடையதைச் செய்து முடிக்காமல் அந்தோனியாரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

ஐறீன் குசினியில் இருந்தாள். அவர் மகனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, பெட்டியைக் கொம்பியூட்டரோடு தொடுத்து, டெலிபோன் கம்பியைச் செருகினார். இந்த ஓட்டையில் சரியாகப் போய் இறுகியது. பச்சை லைற்றுகள் ஒவ்வொன்றாகப் பத்தின. கொம்பியூட்டரின் பொத்தானை அமத்தினார். திரை வெளித்து, துப்பாக்கிக்காரன் ஒருவன் தோன்றி, சின்னச் சக்கரம் ஒன்று சுற்றி நின்றது. மூலையில் டெறிக்கின் பெயர் பச்சையாய் எரிந்தது.

உடனே கீழே ஜெறோமின் பெயரோடு எழுத்துகள் ஓடின. ஆங்கில எழுத்தில் தமிழ். அவர் விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார்.

"மச்சான்!!! வந்திட்டியா?"

"டேய் கதைடா. அப்பாவை எழுப்பிறன் பொறு."

சவுந்தரநாயகத்தின் கை கீபோர்ட்டுக்கு மேலே நின்றது. நான் டெறிக் இல்லை என்று எழுத வேண்டும். எழுத்துகளைத் தேடினார். 'ந'வுக்கு எதை அமத்துவது? பிள்ளை இன்னும் வரவில்லை என்று எழுதினால், அதை வேறு யார் வாசிப்பார்கள்? கனடாவுக்குச் சொல்லிவிட்டார்கள் என்று, பிடித்து வைத்திருக்கிறவர்கள் பிள்ளையை ஏதும் செய்துவிட்டால்? ஒரு எழுத்தையும் அமத்தாமல் கையை எடுத்தார். கம்பியைப் பிடுங்கக் குனிந்தார். பிடுங்கினால் அந்தப் பச்சைப் பெயரும் போய்விடும். கை அதற்கும் எழவில்லை.

விறாந்தையில் போன் அடித்தது. அடிக்கும் என்று லைன்காரர் சொல்லித்தான் இருந்தார்.

"ஹலோ... பிலிப்பு? என்ன, என்ன சொல்லுறாய்?" ஐறீனின் குரல் ஒருமுறை உடைந்து, பிறகு அவர் இந்த ஒரு மாதமாய்க் கேட்காத உயரத்துக்குப் போனது. "வந்திட்டானோ? வீட்டிலயோ? எங்க, உள்ளுக்கோ?"

ரிசீவர் சுவரில் மோதி ஆடும் சத்தம். ஓடி வருகிற காலடி. சவுந்தரநாயகம் மகனின் கதிரையில் இருந்தபடி கதவைப் பார்த்தார். கைப்பிடி திரும்பியது.

"டெறிக்!" என்று கூப்பிட்டுக்கொண்டு அவள் கதவைத் திறந்தாள்.