ரூபன் முழுகி எழுந்த நாள்

ரூபன் ஞானஸ்நானம் எடுத்துவிட வேண்டும் என்று அவன் மனைவி இளவேனில் கர்த்தரை நச்சரிக்காத வருஷம் இல்லை. அவளுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே நெற்றியில் தண்ணீர் தெளித்து வேலையை முடித்துவிட்டார்கள். ரூபன் வீட்டில் அப்படியில்லை. அவனுடைய அப்பா வெள்ளியங்கிரி ஞாயிறு தவறாமல் சபைக்கு வருவார், கண்ணை மூடிப் பாடுவார், பிரியாணி போட்டால் முதல் வரிசையில் உட்காருவார். தண்ணீரில் இறங்குவதை மட்டும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். அந்த அடுத்த வருஷத்தைத்தான் மகனுக்கு விட்டுவிட்டுப் போனார்.

மதுக்கரையில் ரூபன் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருந்தான். இனிமேல் போகப்போகிற கரண்டை நம்பிப் பிழைக்கிற தொழில். ஆளும் அதே மாதிரிதான். வெயில் காலத்தில் மழைக்குப் பயப்படுவான், மழைக்காலத்தில் கொசுவுக்குப் பயப்படுவான். இளவேனில் அவனுக்குச் சளைத்தவள் அல்ல. தண்ணீரில் இறங்காமல் இந்த மனுஷன் செத்துப்போனால், பரலோகத்தில் தனக்கு மட்டும் இடம் கிடைத்துவிட்டால், காலம் முழுக்கத் தனியாக அங்கே என்ன செய்வது என்பது அவள் கவலை. ரெண்டு பேருக்கும் சேர்த்து முன்பதிவு செய்துவிட்டால் நிம்மதி.

அவன் கடைசியில் சம்மதித்ததற்கு மகள்தான் காரணம். பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் அன்புக்கரசிக்குத் திருப்பூரில் மாப்பிள்ளை பார்த்து, சபையிலும் அறிவித்தாகிவிட்டது. அந்தப் பையன் இன்னும் பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்த்து வைத்திருந்தான். அதைக் கேட்டு ரூபனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அன்புக்கரசி அதே பேச்சைக் கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தூக்கமில்லாமல் கிடந்த ரூபனிடம் பாஸ்டர் தம்பிதுரை, தண்ணீரில் முழுகி எழுந்தால் பாரமெல்லாம் போய்விடும் என்று சொல்லி வைத்தார்.

பாஸ்டர் பிறந்தது வால்பாறையில், தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில். மதுக்கரைப் பக்கம் ஒரு ஆள் முழுகுகிற அளவுக்குத் தண்ணீர் இல்லாததால் ஞானஸ்நானம் எல்லாம் அங்கே மலையில்தான். அதுவும் டிசம்பரில். கடைக்குச் சரக்கு ஏற்றும் ஆம்னி வேனில் பாஸ்டரையும் ஏற்றிக்கொண்டு ரூபனும் இளவேனிலும் போனார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் வந்தார்கள்.

ஆற்றுத் தண்ணீரில் கால் வைத்ததுமே ரூபனின் பல் தந்தியடித்தது. பாஸ்டர் யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. தலையைப் பிடித்து ஒரே அமுக்கு. எழுந்து நின்ற ரூபன் மூக்கில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான்.

“நாம எதுக்கு இங்க வந்திருக்கறம்?” என்று கேட்டான்.

ஆழமான கேள்வி என்று பாஸ்டர் பூரித்துப்போனார். கரையில் நின்றவர்கள் அல்லேலூயா சொன்னார்கள். கரையேறி வந்து ரூபன் அதையே கேட்டான். துண்டை வாங்கித் துவட்டிக்கொண்டே மறுபடியும் கேட்டான். சட்டையை யார் நனைத்தது என்றான். இன்றைக்கு என்ன கிழமை என்று அவனுக்குத் தெரியவில்லை. தீபாவளி வந்துபோனதும் தெரியவில்லை. பாஸ்டர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, பழைய மனுஷன் தண்ணீரோடு போய்விட்டான் என்று சாட்சி சொல்ல ஆரம்பித்தார்.

“பாஸ்டர், அந்தப் பழைய மனுசனுக்குத்தானுங்க வண்டிச் சாவி எங்கன்னு தெரியும்” என்றாள் இளவேனில்.

சாவி பாஸ்டர் பையிலேயே இருந்தது. வால்பாறையில் பார்த்த டாக்டர், ஸ்கேன் எடுக்க வேண்டும், பொள்ளாச்சிக்குக் கொண்டுபோங்கள் என்றார். பாஸ்டர் வண்டியை எடுத்தார். மனுஷன் ஜெபம் பண்ணுகிற அளவுக்கு ஓட்டத் தெரிந்தவர் அல்ல. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பின்சீட்டில் ரூபன் இளவேனிலின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்று கேட்டபடி வந்தான். சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, “பாப்பா வல்லையா?” என்றான்.

இளவேனில் உள்ளதைச் சொன்னாள். கல்யாணத்தை வேண்டாமென்றதும், அவன் மகளோடு பேச்சை நிறுத்தியதும். ரூபன் அதை முதல் தடவையாகக் கேட்கிறவன் போலக் கேட்டான். முகம் கோணிப்போய்க் குழந்தை மாதிரி அழுதான். இரண்டு வளைவு தாண்டியதும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, கண் ஏன் எரிகிறது என்று கேட்டான். பிறகு, “பாப்பா வல்லையா?”

மறுபடியும் சொன்னாள். மறுபடியும் புதுசாக அழுதான். மூன்றாம் முறை அவன் வாயைத் திறந்தபோது இளவேனிலுக்கு, உண்மையைச் சொல்வது அவன் கன்னத்தில் அறைந்துவிட்டு, அது ஆறியதும் மறுபடி அறைகிற மாதிரி இருந்தது.

“கீழ போயி போன் போடலாமுங்க” என்றாள். அவன் சரி என்று சிரித்தான்.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் அஃப்ஷீன் என்ற சின்ன வயதுப் பெண் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பக்கவாதம் எதுவும் இல்லை என்றார். குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று முழுகினால் சிலருக்கு இப்படி ஆகுமாம். சாயங்காலத்துக்குள் ஞாபகம் திரும்பிவிடும், ஆனால் இந்த ஒரு நாள் மட்டும் திரும்பக் கிடைக்காது என்றார்.

“அதுவரைக்கும் நாங்க என்னங்க பண்றது?”

“கூட உக்காந்திருங்க. அவர் கேட்டா பதில் சொல்லுங்க. வேற ஒண்ணுமில்லீங்க.”

இளவேனிலுக்கு அதைவிடக் கஷ்டமான வைத்தியம் இல்லை. உட்கார்ந்த உடனே மனசு ஓடியது. ஞாபகம் வராமலே போய்விட்டால் கடையை யார் பார்ப்பது? மகள் கல்யாணம் என்னாவது? பாஸ்டர் கட்டிலருகே நின்று உரத்த குரலில் ஜெபத்தை ஆரம்பித்தார். நர்ஸ் அவரை வராந்தாவுக்கு அனுப்பினாள்.

யாரோ ஒரு பன்னும் டீயும் கொண்டுவந்து வைத்தார்கள். ரூபன் பன்னைப் பார்த்தான். கண்ணை மூடி, இந்த பன்னுக்காக ஸ்தோத்திரம் ஏசப்பா என்றான். ஒரு கடி கடித்தான். டீ டம்ளர் பக்கம் திரும்பினான். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது எதிரே ஒரு பன் இருந்தது. மறுபடியும் கண்ணை மூடி, இந்த பன்னுக்காக ஸ்தோத்திரம் என்றான். அந்தச் சின்ன பன்னைத் தின்று முடிப்பதற்குள் கர்த்தருக்கு எத்தனை நன்றி போய்ச் சேர்ந்தது என்று இளவேனிலுக்கே தெரியாது. வீட்டில் சாப்பாட்டு ஜெபம் என்றால் பேட்டரி விலை, முழங்கால் வலி, மகள் கல்யாணம் என்று குழம்பு ஆறுகிற வரைக்கும் நீளும். இன்றைக்கு அவனுக்குக் கேட்பதற்கு எதுவும் ஞாபகமில்லை. அதனால் நன்றி மட்டும் சொன்னான்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒன்று உறைத்தது. ஏசப்பா சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் ஆகாரம் கேட்கிற இடத்தில் “இன்று” என்று ஒரு வார்த்தை வருகிறது. பேசத் தெரிந்த நாளிலிருந்து அதைச் சொல்லிவருகிறாள். ஒரு நாளும் அது அவள் காதில் விழுந்ததில்லை. வருஷம் முழுமைக்குமான அரிசி மூட்டையை அல்லவா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பாப்பா வல்லையா?” என்றான் ரூபன்.

இளவேனில் போனைப் போட்டு, நடந்ததை இரண்டு வாக்கியத்தில் மகளிடம் சொல்லி, அவன் கையில் கொடுத்தாள்.

“கண்ணு, சாப்ட்டியா?” என்றான்.

அன்புக்கரசி இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை; ஆனாலும் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாள். அவன் மறுபடியும் கேட்டான். மறுபடியும் சொன்னாள். கேட்கக் கேட்கச் சலிக்காமல் சொல்லிக்கொண்டே பஸ் ஏறிவிட்டாள்.

அன்புக்கரசி உள்ளே நுழைந்ததும் ரூபன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “அட, வா கண்ணு, எப்ப வந்தே?” என்று இரண்டு கையையும் நீட்டினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். முகம் கழுவப் போய்த் திரும்பி வந்தால், “அட, வா கண்ணு, எப்ப வந்தே?” அதே சந்தோஷம், கொஞ்சமும் குறையாமல். அப்புறம் அன்புக்கரசி எந்த வேலையும் இல்லாமல் இரண்டு தடவை வெளியே போய்விட்டு வந்தாள்.

வெயில் சாய்ந்த நேரத்தில் ரூபனின் கேள்விகள் குறைந்தன. எட்டி ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். பிறகு, “வண்டிய ரோட்டுலயா உட்டிருக்குது? ஃபைன் போட்டுருவான்” என்றான்.

ஆள் வந்துவிட்டான் என்று இளவேனிலுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் திரும்பி மகளைப் பார்த்தான். முகம் இறுகியது. கோபமும் மற்றதோடு சேர்ந்து பத்திரமாகத் திரும்பி வந்திருந்தது. ஆனால் மகளின் கை அவன் கைக்குள் இருந்தது. அது எப்போது வந்தது, யார் யாரைப் பிடித்தது, எதுவும் அவனுக்குத் தெரியாது. விடுவதா வேண்டாமா என்று கையையே பார்த்தான். அன்புக்கரசி எழுந்துகொள்ளப் பார்த்தாள். இளவேனிலின் நாக்கு நுனியில் ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. விழுங்கிவிட்டாள்.

“அவ இன்னும் சாப்பிடலீங்க. ஆபீஸ்ல இருந்து நேரா ஓடியாந்திருக்கறா” என்று மட்டும் சொன்னாள்.

ரூபன் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். “உக்காரு” என்றான். சற்றுக் கழித்து, “அந்தத் திருப்பூர்க்காரங்ககிட்ட என்ன சொல்றதுன்னு பேசோணும்” என்றான்.

“இன்னைக்கு வேண்டாமுங்க” என்றாள் இளவேனில்.

அவன் தலையாட்டினான். கையை விடவில்லை.

சத்தம் கேட்டு பாஸ்டர் உள்ளே வந்தார். ரூபனுக்கு அவரிடம் ஒரு சந்தேகம் இருந்தது. தண்ணீரில் இறங்கியதே ஞாபகமில்லை, அப்படியானால் அது செல்லுமா என்று கேட்டான். பாஸ்டர் படித்த வேதாகமக் கல்லூரியில் இதற்குப் பாடம் இல்லை. மோவாயைத் தடவினார்.

“கர்த்தருக்கு ஞாபகம் இருக்குமுங்க. அது போதும்” என்றார்.

ரூபனுக்குத் திருப்தி இல்லை. அடுத்த வருஷம் எதற்கும் ஒரு தடவை முழுகிவிடலாமா என்றான். வேண்டவே வேண்டாம் என்று தாயும் மகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஆம்னியில் ஏறினார்கள். பாஸ்டர் ஓட்டினார். முன்சீட்டிலிருந்து ரூபன் கியரை எப்போது மாற்ற வேண்டும், எந்த லாரி எப்போது குறுக்கே வரும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். மாப்பிள்ளை விஷயம் என்ன ஆகும், ரூபன் நாளைக்கு மகளோடு பேசுவானா, இளவேனிலுக்கு எதுவும் தெரியாது. ஜன்னல் வழியே காற்று நன்றாக வந்தது. மகளின் தோளில் சாய்ந்தவள், கிணத்துக்கடவு வருவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள்.