நெரிசலில் கிடந்த செல்கள்

சொங்க்ரான் புத்தாண்டு விடுமுறை முடிந்து நாங்கள் ஆய்வகத்துக்குத் திரும்பியபோது, ஒரு மரபணுவைச் செயல்படாமல் நிறுத்தி வைத்திருந்த செல்கள் ஐந்து நாளாகக் கவனிப்பாரில்லாமல் தட்டு முழுக்க நெருக்கியடித்துக் கிடந்தன. "வேற தட்டுகளுக்குப் பிரிச்சு வச்சு ரெண்டு நாள் கழிச்சு எடுக்கலாம் சார்" என்றேன். பேராசிரியர் விச்சியனுக்கு அவசரம். "சும்மா நாளக் கடத்தாத ப்லோய். இன்னிக்கே கதிர் காட்டு." ஒப்பிடுவதற்கான சாதாரணச் செல்களைப் பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு வாங்கினோம். அவை தாராளமான இடத்தில் பெருகிக்கொண்டிருந்தன.

கதிர் பட்டு டிஎன்ஏ அறுந்தால் செல்லுக்கு இரண்டு வழி. அச்சு அசலான நகல் பக்கத்தில் இருந்தால் அதைப் பார்த்துப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளும். இல்லையென்றால் அறுந்த முனைகளை அவசரமாக ஒட்டிவிடும், நடுவில் நாலு எழுத்து போனால் போகட்டும் என்று. இரண்டாகப் பிரியத் தயாராகும் செல்லிடம்தான் அந்த நகல் இருக்கும். நெரிசலில் பெருகுவதையே நிறுத்திவிட்ட செல்லிடம் ஏது? ஒட்டத்தான் செய்யும்; எங்கள் தட்டிலும் அதுதான் நடந்தது. இது முதலாண்டு மாணவிக்கும் தெரியும். விச்சியனோ அந்த மரபணுதான் வழியைத் தீர்மானிக்கிறது என்று ஊரெல்லாம் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வகைச் செல்களையும் ஒரே அளவு இடம்விட்டு வளர்த்து மூன்று தடவை செய்து பார்த்தேன். எந்த வித்தியாசமும் இல்லை.

"எல்லார் முன்னாடியும் வாயத் திறந்துடாதடி. சிரிச்ச முகமா உக்காந்திரு" என்றாள் மாலி அக்கா. ஆய்வகத்தில் எனக்கு மூத்தவள். மூன்று வாரம் சிரித்தேன். வெள்ளிக்கிழமை ஆய்வகக் கூட்டத்துக்கு மருத்துவமனையிலிருந்து டாக்டர் அனன் வந்தார்.

"அப்ப அடுத்த மாசமே இந்த மரபணு கெட்டுப்போன நோயாளிங்க எட்டுப் பேருக்கு மருந்த மாத்திரலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா" என்றார் விச்சியன்.

நான் எழுந்துவிட்டேன். "அந்தத் தட்டுல செல்லெல்லாம் நெரிசல்ல கெடந்தது டாக்டர். திரும்ப மூணு தடவ பாத்துட்டேன், அந்த மரபணுவால ஒண்ணுமே மாறல. நாலாவது தடவைக்கான செல்லு இப்பவும் உள்ள வளந்துட்டிருக்கு."

அறையில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு மாறவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விச்சியனும் சிரித்தபடியே மாலி அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அவள் எழுந்து வெளியே போனாள்.

"பாவம், ப்லோய்க்கு வேல ஜாஸ்தி. டீ சாப்பிடலாமா டாக்டர்?" என்றார் விச்சியன்.

டாக்டர் கோப்பையைத் தொடவில்லை. "இப்ப வளர்ற அந்தத் தட்டப் பாக்கலாமாம்மா?" என்றார். அவரை அழைத்துக்கொண்டு நடந்தேன். செல் வளர்க்கும் அறையின் கதவைத் திறந்தேன். கழுவும் தொட்டிக்குள் என் எட்டுத் தட்டும் திறந்து கிடந்தன. செல்களைக் கொல்ல அவற்றில் ஊற்றிய ப்ளீச்சின் வாடை மூக்கில் ஏறியது. மாலி அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, ஒவ்வொரு விரலாகக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.