சேம்பு வயலில் ஒரு ஒப்பந்தம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சண்டையிலிருந்து கிடைத்தது. சண்டை என் மனைவி உலாங்குக்கும் அவள் தம்பி மசாவோவுக்கும். அது நடந்தபோது நான் அங்கே இல்லை. மின்நிலையத்தில் ஒரு ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கள் ஊரில் ஒரு சண்டையைப் பார்க்காமல் இருக்கலாம், கேட்காமல் இருக்க முடியாது. பொழுது சாய்வதற்குள் ஆளுக்கொரு விதமாக அதை எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

எழுதப்போகிறேன் என்றதும் உலாங் சொன்னாள்: "என் பேரையே போடு. மாத்தினா வேற யாரோ சண்டை போட்ட மாதிரி ஆயிடும். ஊர்ப் பேரை மட்டும் விட்டுடு."

விட்டுவிட்டேன். பலாவ் நாட்டில் ஒரு கடலோர ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். (தூத்துக்குடியில் இருந்த என் அம்மா கடைசிவரை இதைப் 'பலாப்பழ நாடு' என்றுதான் சொன்னாள். இங்கே பலாவைவிட ஈரப்பலாதான் அதிகம்.)

தொடக்கம், முதல் முயற்சி:

வாஷிங்டன் நகரத்துப் பளிங்கு மண்டபத்தில் ஒரு செனட்டர் கொட்டாவி விட்டபடி கோப்பைத் திறந்தார். அதற்குள் ஒரு தீவு இருந்தது. அந்தத் தீவு —

(நிறுத்திவிட்டேன். வாஷிங்டனுக்கு நான் போனதில்லை. கொட்டாவி விடும் செனட்டரைக் கற்பனை செய்வது சுலபம். சுலபமாக வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.)

இரண்டாம் முயற்சி:

பெரிய நாடான அமெரிக்காவும் சிறிய நாடான பலாவும் நெடுங்காலமாக நட்பு நாடுகள். அமெரிக்கா நிதி தரும்; பதிலுக்கு அதன் ராணுவம் பலாவின் நிலத்தையும் கடலையும் பயன்படுத்தும். இந்த நிதி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இரு நாட்டு மன்றங்களும் ஒப்புதல் தரவேண்டும் என்பதால் —

இதை உலாங்குக்குப் பலாவ் மொழியில் சொல்லிக் காட்டினேன். "செய்தி வாசிக்கறியா?" என்றாள். அவள் சொன்னது சரி. ஆனால் இந்த விவரம் இல்லாமல் கதை ஓடாது, அதனால் அழிக்கவில்லை. (ஷரத்துகளைக் கதைக்கு ஏற்றபடி வளைத்திருக்கிறேன். வழக்கறிஞர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

மூன்றாம் முயற்சி கீழே. இதில் உலாங்குக்கு ஒரு கணவன் உண்டு. இதை எழுதுகிறவன்தான். அவனுக்கு அதிகம் வசனம் கிடையாது.

2

தொடை வரைக்கும் சேற்றில் நின்று உலாங் சேம்புச் செடிகளுக்கு தழை உரம் மிதித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வயலில் சாச்சிகோ பெரியம்மா, எழுபது வயது, வாயில் எந்நேரமும் பாக்கும் அதைவிடச் சிவப்பான பேச்சும்.

"உன் தம்பி காலையில ரேடியோவுல பேசினான், கேட்டியா?" என்றாள் சாச்சிகோ.

"என்ன பேசினான்?"

"ஒப்பந்தத்துக்கு எதிரா ஓட்டுப் போடப்போறானாம். ஊருக்குப் பின்னாடி மலை மேல அமெரிக்காக்காரங்க ராடார் வைக்க வர்றாங்கல்ல? மண்ணு சரிஞ்சு வந்து நம்ம வயலை மூடிடுமாம். 'எங்கள் பெண்களின் சேம்பு வயலைக் காப்பேன்'னு முழங்கினான். எனக்கே அழுகை வந்திடுச்சு."

நாட்டு மன்றத்தில் எங்கள் மாநிலத்துக்கு ஒரே உறுப்பினன் மசாவோ. அவனை அனுப்பி வைத்ததே அக்காதான். இங்கே ஆண்கள் மேடையில் பேசுவார்கள். எந்த ஆண் பேசலாம் என்று பெண்கள் முடிவு செய்வார்கள்.

உலாங் சேற்றிலிருந்து ஒரு காலை உருவி எடுத்தாள். மறுபடி அதே இடத்தில் அழுத்தி வைத்தாள்.

"அவனை வரச் சொல்லுங்க," என்றாள்.

3

மசாவோ பெரிய நகரமான கொரோரிலிருந்து நேரே வந்தான். பூப்போட்ட சட்டை, பளபளவென்று துடைத்த ஷூ. சேம்பு வயல் பெண்களுடையது. ஆண்கள் அதற்குள் கால் வைப்பதில்லை. அவன் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் உலாங் வயலின் நடுப்பகுதிக்கு நகர்ந்துவிட்டாள்.

"அக்கா, மேல வா. பேசணும்."

"பேசு. இங்கேயும் காது கேக்கும்."

"எல்லாரும் இருக்காங்க."

"ரேடியோவுல யாருமே இல்லையா?"

வயல்களிலிருந்து சிரிப்பு எழுந்தது. "உறுப்பினரே, கரை வழுக்கும்! நாட்டுக்கு நஷ்டமாயிடப் போகுது!" என்று சாச்சிகோ கத்தினாள்.

மசாவோ குரலைத் தாழ்த்த முயன்றான். நடுவயலுக்குக் கேட்காது என்பதால் மறுபடி உயர்த்தினான். "உனக்காகத்தானே அக்கா பேசினேன்!"

"என்னைக் கேட்டியா?"

அவன் வழுக்கும் கரையில் ஒரு அடி பின்வாங்கினான்.

"ரேடியோக்காரன் உன்னைக் கேட்டான். நீ என்னைக் கேட்டியா? இந்த வயல் யாருது?"

"உன்னுது."

"அப்புறம்?"

"நீ வேண்டாம்னுதானே சொல்லுவே?"

"வேணும்னு சொல்லுவேன்."

சிரிப்பு நின்றது.

"பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்புல ரெண்டே பிள்ளைங்க," என்றாள் உலாங். "கூரை ஒழுகுது, ஒப்பந்தப் பணம் வந்தாத்தான் மாத்த முடியும். வாத்தியாருங்க ஒவ்வொருத்தரா சம்பளம் கூடன்னு குவாம் தீவுக்குப் போறாங்க. பெர்னியும் விண்ணப்பம் போட்டிருக்கா. என் பொண்ணு, உன் கையில வளர்ந்தவ. வயல் போனா வேற பள்ளத்துல வெட்டிக்கலாம். ஆளுங்க போயிட்டா கிழங்கை யாருக்குத் தோண்டறது? உனக்கா? நீ கொரோர்ல டின் மீன் திங்கறே."

"அவங்க சும்மா குடுக்கலை அக்கா. மலை வேணும், கடல் வேணும்னுதான் குடுக்கறாங்க."

"சும்மா குடுத்தாத்தான் பயப்படணும். வேணும்னு வர்றவன்கிட்ட பேரம் பேசலாம். அதுக்குத்தானே உன்னை அனுப்பினோம்? நீ கதவைச் சாத்திட்டு வந்து நிக்கறே."

மசாவோ மெல்லச் சொன்னான். அது எல்லோருக்கும் கேட்டது.

"ரோடு போட்டப்போ அம்மா வயல் என்ன ஆச்சுன்னு மறந்திடுச்சா உனக்கு?"

அவன் காரை நோக்கி நடந்தான். கரைச் சேறு அவனுடைய ஒரு ஷூவைப் பிடித்துக்கொண்டது. சாச்சிகோ அதைப் பிடுங்கி அவன் பக்கம் எறிந்தாள், ஒரு வார்த்தையும் பேசாமல். அவள் பேசாமல் இருந்ததைத்தான் ஊர் அதிகம் பேசியது.

4

இந்த இடத்தில் எனக்கு மசாவோமேல் சந்தேகம் வந்தது. மைத்துனன்மேல் அல்ல, பாத்திரத்தின்மேல். அரசியல்வாதி, ஷூ, ரேடியோ வீராப்பு என்று அவனை ஒரு கோமாளியாக்கிக்கொண்டிருக்கிறேனோ?

உலாங்கும் அதையேதான் சொன்னாள். "நீ எழுதற மசாவோ முட்டாள். என் தம்பி முட்டாள் இல்லை."

"நீதானே அவனை அத்தனை பேர் முன்னால திட்டினே?"

"நான் திட்டலாம்."

அதனால் இதைச் சேர்க்கிறேன். சாலை போட்ட ஆண்டில் மசாவோ சின்னப் பையன். மழைக்குப் பிறகு சிவப்பு மண் மலையிலிருந்து கூழ்போல இறங்கி அவர்கள் அம்மாவின் வயலை மூடியது. அம்மா கரையில் உட்கார்ந்து ஒரு நாள் முழுவதும் எதுவும் சாப்பிடவில்லை. வயலுக்குள் போகக் கூடாத பையன் அன்று இறங்கினான். வெறுங்கையால் மண்ணை அள்ளி அள்ளிக் கரையில் போட்டான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

ரேடியோவில் பேசியவன் அந்தப் பையன்தான். முழங்கியதென்னவோ உறுப்பினன்.

5

அக்காவும் தம்பியும் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிறு பூசையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு நாள் பேய்மழை. மசாவோ இரண்டு மழைக்கோட்டுகளோடு வந்து வாசலில் நின்றான்.

"வா அக்கா. தண்ணி எங்கே போகுதுன்னு மொதல்ல பாத்துடலாம். அப்புறம் சண்டை போடலாம்."

"எனக்கெதுக்குக் கோட்டு? தினம் நனையறவதான் நான்," என்றாள் உலாங். ஆனாலும் மாட்டிக்கொண்டாள்.

ராணுவத்தார் பாதை வெட்டப்போகும் மேற்குச் சரிவில் ஏறினார்கள். உச்சியிலிருந்து செம்மண் நீர் ஓடும் வழியே இறங்கினார்கள். வழுக்கிய இடத்தில் அவன் கையை நீட்டினான், அவள் பிடித்துக்கொண்டாள். நீர் தன் வயலுக்குத்தான் வரப்போகிறது என்று உலாங் நினைத்திருந்தாள். வரட்டும், பள்ளிக்கூடத்துக்காக விட்டுக்கொடுப்போம் என்று மனத்துக்குள் தயாராகவும் இருந்தாள். ஆனால் பாதி வழியில் நீர் ஒரு பாறையில் மோதித் திரும்பியது. ஒரு மூங்கில் புதரைச் சுற்றியது. கடைசியில் சாச்சிகோவின் வயலில் போய் விழுந்தது.

இருவரும் மழையில் நின்றார்கள்.

"அடக் கடவுளே," என்றாள் உலாங். "இத்தனை நாளும் பெரியம்மா வயலையில்ல நான் தானம் பண்ணிட்டிருந்திருக்கேன்!"

மசாவோ சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். நிறுத்த முடியாமல் இருவரும் பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

(இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் நீரை வேறு எங்காவது திருப்பியிருப்பேன். இவ்வளவு பொருத்தமாகத் திரும்பும் நீரைக் கதையில் வைக்க எனக்குக் கூச்சம்.)

அதே ஈரத்தோடு சாச்சிகோ வீட்டுக்குப் போனார்கள். உலாங் நேராகக் கேட்டாள்: "பெரியம்மா, மேற்கே பாதை போட்டா மண்ணு உங்க வயலுக்குத்தான் வரும். நீங்க என்ன சொல்றீங்க?"

சாச்சிகோ பாக்கை வெட்டி, சுண்ணாம்பு தூவி, இலையில் மடித்து இருவருக்கும் கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

"பணம் வரட்டும். ராடார் வரட்டும். பாதை கிழக்கால போகட்டும், அங்கே எவ வயலும் இல்லை. மேற்கால வந்தா புல்டோசருக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்காருவேன். எனக்கு வேற வேலை இல்லை, நாள் பூரா உக்காருவேன். இதை உன் ரேடியோவுல சொல்லு."

மசாவோ ரேடியோவில் சொல்லவில்லை. எழுதிக்கொண்டான்.

6

இங்கே ஒரு பெரிய ஆசையை அடக்கவேண்டியிருந்தது. மன்றத்தில் ஓட்டு சரிபாதியாக நிற்கிறது, மசாவோ எழுந்து கைதூக்க நாடே பிழைக்கிறது என்று எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒரு பக்கம் எழுதியும் விட்டேன்:

அவையே மூச்சை அடக்கியது. மசாவோ நடுங்கும் கையை —

அப்படி எதுவும் நடக்கவில்லை. பெரும்பாலானோர் ஆதரித்தார்கள், அவன் ஓட்டு இல்லாமலே நிறைவேறியிருக்கும். அவன் செய்தது வேறு. ஒப்புதலோடு ஒரு தீர்மானத்தையும் சேர்க்கச் சொன்னான்: பாதை கிழக்குச் சரிவில்தான் போகவேண்டும், மண் வெட்டுவதற்கு முன் வயலுக்குரிய பெண்களைக் கேட்கவேண்டும். 'பெண்களை' என்ற சொல் தீர்மானத்தில் எதற்கு, 'மக்கள்' போதாதா என்று ஒருவர் கேட்டாராம்.

"எங்கக்காகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. சேத்துக்குள்ள நிப்பா," என்றானாம் மசாவோ.

சொல் அப்படியே நின்றது. பிறகு ராணுவப் பொறியாளர் ஒருவர் வந்து சரிவைப் பார்த்தார். உலாங் வேகவைத்துக் கொடுத்த சேம்பையும் தேங்காய்ப்பால் நண்டையும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிழக்குக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

இனி வாஷிங்டனின் முறை.

வாஷிங்டன் காக்கவைத்தது. இன்று வரும் என்றார்கள், அடுத்த கூட்டத்தில் என்றார்கள், வேறொரு சட்டத்தோடு ஒட்டுவோம் என்றார்கள், ஒட்டவில்லை. எங்களை யாரும் வெறுக்கவில்லை. எங்கள் ஞாபகம் அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கூரை இன்னொரு மழைக்காலம் ஒழுகியது. பெர்னிக்குக் குவாம் பள்ளியிலிருந்து வேலை உறுதியாகி வந்தது. அவள் பயணச்சீட்டு வாங்கினாள். உலாங் மகளின் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்தாள்.

ஒப்புதல் வந்தது ஒரு காலை நேரத்தில். எத்தனையோ பெரிய செலவுகளுக்கு நடுவே எங்கள் தீவும் ஒரு சட்டத்துக்குள் ஏறிவிட்டிருந்தது. மசாவோ காரின் ஹாரனை அழுத்திக்கொண்டே வயலோரம் வந்தான்.

"போட்டுட்டாங்க அக்கா! ஒப்புதல் போட்டுட்டாங்க!"

உலாங் நிமிர்ந்தாள். சேற்றுக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். சாச்சிகோ தன் வயலிலிருந்து கத்தினாள்: "ஹாரனை விடுடா, கிழங்கு பயந்துக்கப் போகுது!" அன்று யாரும் வேலையை நிறுத்தவில்லை, ஆனால் எல்லோரும் பாடிக்கொண்டே செய்தார்கள். மின்நிலையத்துக்குப் போன் வந்தபோது நான் "நிஜமாவா?" என்று மூன்று முறை கேட்டேன். கதையில் எனக்கு இருந்த வசனம் அத்தோடு தீர்ந்தது.

7

முடிவுகள்.

அ. பெர்னி பயணச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறாள். புதுக் கூரையின் கீழே ஒன்றாம் வகுப்பில் ஏழு பிள்ளைகள் —

(ஆசைப்பட்டு எழுதியது. அப்பன் எழுதியது.)

ஆ. பெர்னி விமானம் ஏறுகிறாள். உலாங் கையசைக்கிறாள். ராடார் மட்டும் மலைமேல் —

(கண்ணீர் வரும். ஆனால் உண்மை அவ்வளவு கறுப்பு இல்லை.)

இரண்டையும் பெர்னியிடம் காட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், நான்தான் கற்றுக்கொடுத்தேன், இப்போது அனுபவிக்கிறேன்.

"அப்பா, நான் இன்னும் முடிவு பண்ணலை. அதுக்குள்ள நீங்க ஏன் பண்றீங்க?"

"கதைக்கு முடிவு வேணுமே."

"அது கதையோட பிரச்சனை." சிரித்துவிட்டுச் சொன்னாள்: "போன மாசம்னா போய்த்தான் ஆகணும்ங்கற நிலைமை. இப்போ போகவும் செய்யலாம், இருக்கவும் செய்யலாம். எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? கொஞ்சநாள் இப்படியே இருந்துக்கறேன்."

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. உங்களுக்குக் கட்டாயம் ஒன்று வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் போவதாக எழுதினால், துரத்தப்பட்டவளைப்போல எழுதவேண்டாம். பெட்டி நிறைய சேம்பு இருக்கட்டும், ஒரு பெருமை இருக்கட்டும். இருந்துவிட்டதாக எழுதினால், எங்களுக்காகத் தியாகம் செய்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உலாங்குக்குக் கோபம் வரும்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பெர்னி பள்ளிக்கூடத்து ஏணியில் நிற்கிறாள். மாமன் கீழே நின்று ஏணியைப் பிடித்திருக்கிறான். புதுக் கூரைக்கு எந்த நிறத் தகரம் வேண்டும் என்று இருவரும் உரக்கச் சண்டை போடுகிறார்கள். இந்தச் சண்டைக்கு நான் நேரில் இருக்கிறேன். மசாவோ ஏதோ ஒரு நிறத்தைச் சொல்கிறான். பெர்னி மேலிருந்து, "பிள்ளைங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்," என்கிறாள்.