ஆட்டசென் வெட்டு வரைபடத்தில் இல்லாத காரணம்

மான் வேட்டை திறந்த முதல் சனிக்கிழமை காலை, பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். டெல்மார் ஆட்டசென். அவர் தங்கை வோண்டா. வண்டித்தடச் சங்கத்தின் தலைவன் கார்த் ஸ்டப்ஸ். நில அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெண்டெல் ப்ரூயிட். மாநிலத் தலைநகரிலிருந்து காரோட்டி வந்திருந்த, நடைபயணக்காரர் சங்கத்து லியா ஸ்ட்ராண்ட். மேசைக்குப் பின்னால் நில அலுவலகத்தின் திட்ட அதிகாரி மரிசா இபார்ரா. அவள் பக்கத்தில், பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்துகொள்ள நடீன் ஃபோல்ஸ். போட்டிருந்த மற்ற நாற்காலிகளில் யாரும் இல்லை.

இருக்க மாட்டார்கள். தெற்கு யூட்டாவில் வேட்டை திறக்கும் நாளில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. சாவு விழுந்தால்கூட அடக்கத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள். ஊரில் துப்பாக்கி தூக்க முடிந்த அத்தனை பேரும் விடியும் முன்பே மலையேறிப் போய்விடும் அந்த நாளைப் பார்த்து, பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்று ஒருத்தி நோட்டீஸ் ஒட்டினால், அவள் ஒன்றும் தெரியாதவளாக இருக்க வேண்டும், அல்லது எல்லாம் தெரிந்தவளாக இருக்க வேண்டும். டெல்மார் இரண்டாவதுதான் என்று முடிவு கட்டியிருந்தார். எழுபத்துநான்கு வயதில் முதல் முறையாக வேட்டையை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து முதல் வரிசையில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் சாய்வை அவர் முதுகு தொடவில்லை.

விஷயம் இதுதான். பொது நிலத்தில் எந்தெந்தத் தடத்தில் ஜீப்பும் மண் பைக்கும் போகலாம் என்று அலுவலகம் புதிய வரைபடம் ஒன்றைப் போட்டிருந்தது. கோடு இருந்தால் அந்தத் தடம் திறந்திருக்கும். கோடு இல்லாத இடமெல்லாம் மூடல். ஆட்டசென் வெட்டு என்று ஊர் முழுவதும் சொல்லும் ஒன்பது மைல் தடத்துக்கு அதில் கோடு இல்லை.

அறுபது வருஷத்துக்கு முன்னால், யுரேனியம் தேடி எல்லோரும் மலையைக் குடைந்த காலத்தில், டெல்மாரின் அப்பா அந்தப் பாறையை வெடி வைத்துப் பிளந்து வழி எடுத்தார். மூத்த மகன் லோவெல்தான் புல்டோசர் ஓட்டினான். ஆறாவது மைலில் ஓரம் சரிந்து வண்டியோடு கீழே போனான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அவன் விழுந்த இடத்தில் அப்பா ஒரு கல் நட்டார். ஒவ்வொரு வருஷமும் மே கடைசியில் டெல்மாரும் வோண்டாவும் ஜீப்பில் அங்கே போய் வருவார்கள். வோண்டாவுக்கு இடுப்பு எலும்பு மாற்றி இரண்டு வருஷமாகிறது. தபால் பெட்டி வரை நடப்பதே பெரிய பாடு. தடத்தை மூடினால் அண்ணன் கல்லை இனி அவள் பார்க்கப்போவதில்லை. அதோடு ஆட்டசென் என்ற பெயரும் அந்த மலையிலிருந்து போய்விடும்.

ஆளுக்கு மூன்று நிமிடம் என்று மரிசா அறிவித்து, சமையலறையில் முட்டை வேகவைக்கப் பயன்படுத்தும் மணிக்கடிகாரம் ஒன்றை மேசைமேல் வைத்தாள். வரைபடத்தில் விடுபட்ட தடம் ஏதாவது இருந்தால் இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம், திங்கட்கிழமை கடைசி நாள் என்றாள். படிவத்தில் ஐந்து கட்டங்கள். தடம் எங்கே, யார் பயன்படுத்துகிறார்கள், எவ்வளவு காலமாக, என்ன ஆதாரம் என்று நான்கு கேள்விகள். ஐந்தாவது, முந்தைய கணக்கெடுப்பில் இது ஏன் இல்லை என்பது. அந்த ஐந்தாவது கட்டத்தைப் பார்த்ததிலிருந்து டெல்மாரின் தாடை இறுகிப்போயிருந்தது.

கார்த் முதலில் எழுந்தான். ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தான். உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு அஞ்சலட்டைகள். எல்லாம் சங்கத்தில் அச்சடித்துக் கையெழுத்து வாங்கியவை. மரிசா இரண்டு மூன்றை எடுத்துப் படித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம் இருந்தால் ஒரே கருத்தாகத்தான் எடுத்துக்கொள்வோம், விதி அப்படி என்றாள்.

“நானூத்திப் பன்னெண்டு பேரும் சேந்து ஒரு ஆளா?” என்றான் கார்த். “அப்ப வரி கட்டுறப்பவும் நாங்க ஒரு ஆளாவே கட்டிக்கிறோம், சரியா?”

நடீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினாள். கார்த்துக்கு அதிலும் கோபம் ஏறியது. அட்டைகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு, டெல்மார் எதிர்பார்க்காத ஒன்றைப் பேசத் தொடங்கினான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அலுவலகம் கணக்கெடுப்பு நடத்தியபோது சங்கத்து ஆட்கள் தாங்கள் ஓட்டும் தடங்களையெல்லாம் தாளில் வரைந்து கொடுத்தார்களே, அதில் ஆட்டசென் வெட்டும் இருந்தது என்றான்.

“நான் என் கையால போட்டேன் அந்தக் கோட்டை. செவப்புப் பென்சில்ல. தாளை வாங்கிட்டுப் போன ஆளு ஆபீஸ்ல உக்காந்து அழிச்சிருக்காரு. அந்த ஆளு இந்த ரூம்லதான் இருக்காரு. பேரு வேற சொல்லணுமா?”

எல்லோரும் திரும்பி வெண்டெல் ப்ரூயிட்டைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில், தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, எண்பது வயதில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார் அவர். காதுக் கருவி போட்டிருந்தார்; ஆகவே கேட்டிருக்கும். முகம் மாறவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது.

மரிசா ஏதோ குறித்துக்கொண்டாள். மூலத்தாள் பெட்டகத்தில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கிறோம் என்றாள். நல்ல ரப்பராக இருந்தால் அடையாளம் எங்கே இருக்கப்போகிறது என்று கார்த் முனகினான். அடுத்து மரிசா சொன்னதுதான் டெல்மாரை அடித்துப் போட்டது.

“எங்க ஆபீஸ் தப்புன்னு ஆயிடுச்சுன்னா வேலை சுலபம். கோட்டைத் திரும்பப் போட்டுடலாம். ஒரு சாட்சி போதும்.”

கார்த் திரும்பி டெல்மாரைப் பார்த்தான். வழி போட்டுக் கொடுத்துவிட்டேன், நடந்து வாருங்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை.

அந்தக் கோட்டை யாரும் அழிக்கவில்லை. அது போடப்படவே இல்லை. டெல்மார் வீட்டுக் கார் கொட்டகையில், பிங்பாங் மேசைமேல் தாளை விரித்து, இனிப்புச் சோடாவைக் குடித்தபடி பதினைந்து பேர் பென்சிலும் கையுமாகக் குனிந்திருந்த அந்த மாலையில் டெல்மார்தான் சங்கத் தலைவர். கார்த் சிவப்புப் பென்சிலை வெட்டின் முனையில் வைத்ததும் அவன் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கியவர் அவர்தான். கோடு போட்டால் ஊருக்கெல்லாம் தெரிந்துபோகும். லாஸ் வேகாஸிலிருந்து கண்டவனெல்லாம் வாடகை வண்டியில் வந்து லோவெல் கல் பக்கத்தில் டயரைத் தேய்ப்பான் என்றார். நல்ல தடத்தைத் தாளில் காட்டாமல் வைத்துக்கொள்வது அந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். மான் தண்ணீர் குடிக்கும் இடத்தை அவரவர் சொல்லாமல் வைத்துக்கொள்வதுபோல. கொட்டகையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். தாளை வாங்க வந்த வெண்டெல், சுருட்டும் முன் வெட்டு இருக்கும் கிழக்குப் பக்கத்தைத் தடவிப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று டெல்மார் சொன்னார். கீழே கையெழுத்தும் போட்டார்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்தக் கையெழுத்து வந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது ஒரு வார்த்தை போதும். ஆமாம், கார்த் வரைந்ததைப் பார்த்தேன் என்றால் தடம் திறக்கும். வோண்டா கல்லுக்குப் போவாள். ஆட்டசென் பெயர் வரைபடத்தில் ஏறும். போவது ப்ரூயிட் என்ற பெயர் மட்டும்.

டெல்மாருக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த அதிகாரிமேல் வந்தது, அவள் மணிக்கடிகாரத்தின்மேல் வந்தது. எல்லாவற்றையும்விட, கேட்காமலே தனக்காகப் பொய் சொன்ன கார்த்மேல் வந்தது. ஆட்டசென் வீட்டு மானத்தைக் காப்பாற்ற ஒரு ஸ்டப்ஸ் வீட்டு ஆள் பொய் சொல்ல வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டோமா என்று தனக்குள் பொருமினார்.

வோண்டா அவர் பக்கம் சாய்ந்தாள். “என் இடுப்பைச் சாக்கு வெச்சு அந்த மனுஷன் பேரைக் கெடுக்காதே, டெல்மார். நீ எந்திரிக்கலன்னா நான் எந்திரிப்பேன்.”

“உக்காரு,” என்றார் அவர். “எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்ல.”

ஒலிபெருக்கி முன்னால் போய் நின்று அதை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார். அந்தச் சின்ன அறையில் அவர் குரலுக்கு அது தேவைப்படவில்லை.

“கார்த் சொன்னது பொய்,” என்றார். “அவன் கோடு போடல. போட வந்தான், நான்தான் விடல. தாள்ல வேணும்னே காட்டாம விட்டது நான். பிரதர் ப்ரூயிட் கேட்டாரு, ஒண்ணுமில்லன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் நான். அவரு எதையும் அழிக்கல. இதை அப்படியே தட்டும்மா, நடீன். ஒரு எழுத்து விடாதே.”

அதன் பிறகு வெட்டைப் பற்றிச் சொன்னார். அப்பா எந்த வருஷம் தொடங்கினார், எத்தனை பெட்டி வெடி, பாறையில் துளை போட்ட இடங்கள் இன்னும் எங்கே தெரிகின்றன, லோவெல் எங்கே விழுந்தான் என்று வரிசையாகச் சொன்னார். பாதியில் மணி அடித்தது. மரிசா கையைத் தூக்குவதற்குள், வோண்டா உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் மூன்று நிமிடத்தை அண்ணனுக்குக் கொடுப்பதாகச் சொன்னாள். விதியில் அதற்கு இடம் உண்டு. டெல்மார் தங்கைப் பக்கம் திரும்பாமல் தொடர்ந்தார்.

அவர் முடித்ததும் கார்த் எழுந்து நின்றான். முகம் செங்கல் நிறமாகியிருந்தது. “உங்களுக்காகத்தானே சொன்னேன்.”

“நான் கேட்டேனா?”

கார்த் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கதவு இரண்டு முறை அடித்துக்கொண்டது.

அடுத்து லியா ஸ்ட்ராண்டின் முறை. அவள் எழுதிக் கொண்டுவந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு டெல்மாரை நேராகப் பார்த்தாள். அந்தத் தடம் திறப்பதை எதிர்த்து எழுத்தில் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். “ஒரு விஷயம் மட்டும் பதிவாகணும். எல்லாருக்கும் சொந்தமான நிலத்தை இருபத்திரண்டு வருஷமா உங்க வீட்டுப் பின்கட்டு மாதிரி ஒளிச்சு வெச்சிருந்தீங்க, மிஸ்டர் ஆட்டசென்.”

அறையில் இருந்தவர்கள் அவர் வெடிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவருக்கும் வெடிக்கத்தான் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

“ஆமா,” என்றார். “அதையும் எழுதிக்கங்க.”

படிவத்தை எடுத்து அங்கேயே நின்றபடி நிரப்பினார். ஐந்தாவது கட்டத்தில், நான் மறைத்தேன், டெல்மார் ஆட்டசென் என்று எழுதினார். வேறு விளக்கம் எழுதவில்லை. வெளியே போகும்போது மூன்றாவது வரிசையருகே வெண்டெல் அவரைக் கை காட்டி நிறுத்தினார்.

“எனக்கு அன்னிக்கே தெரியும், பிரதர் ஆட்டசென்,” என்றார் கிழவர், தேவாலயத்தில் கூப்பிடுவதுபோலவே, மெல்லிய குரலில். “ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னப்ப உங்க பூட்ஸ்ல ஊதா மண்ணு ஒட்டியிருந்துச்சு. இந்த மாவட்டத்துல அந்த மண்ணு ஒரே எடத்துலதான் இருக்கு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொல்ல வேண்டியவர் நீங்க.”

டெல்மார் வோண்டாவைக் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார். இத்தனை வருஷமும் தேவாலயத்தில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் டெல்மாரின் பொய்யைத் தெரிந்துவைத்திருந்தார் என்பதுதான் அவருக்கு எரிந்தது; வைது தீர்த்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

அலுவலகத்து ஆட்கள் நவம்பரில் வந்து வெட்டை அளந்தார்கள். டெல்மார் முன்னால் ஓட்ட, மரிசா பின்னால் வந்தாள். துளை போட்ட பாறையையும், கல்லையும், சரிந்த ஓரத்தையும் படமெடுத்துக்கொண்டாள். லியா ஸ்ட்ராண்டின் எதிர்ப்பு பதினொரு பக்கம் வந்தது. அதைப் படித்துத்தான் குளிர்காலம் முழுக்கத் தடத்தை மூடி வைக்க முடிவு செய்தார்கள். வசந்தத்தில் வந்த வரைபடத்தில் கோடு இருந்தது. மே முதல் அக்டோபர் வரை திறப்பு. ஆட்டசென் என்ற பெயர் போடவில்லை. ஒரு எண் மட்டும்.

மே கடைசியில் வோண்டா ஜீப்பிலிருந்து இறங்காமலே கல்லைப் பார்த்தாள். அவர்களுக்கு முன்பே அங்கே மூன்று வெளிமாநில வண்டிகள் நின்றன. அதில் வந்த ஒருவன் கல்லின்மேல் காலை வைத்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். டெல்மார் அவனிடம் பேசிய பேச்சை எழுத்தில் கொண்டுவர முடியாது. அவன் காலை எடுத்தான்.

கூட்டம் முடிந்ததும் டெல்மார் அந்த அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டுக் கை குலுக்கினார் என்று பெட்ரோல் நிலையத்தில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். கை குலுக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டது வெண்டெல் ப்ரூயிட்டிடம். கூட்டத்துக்கு மறுநாள், ப்ரூயிட் வீட்டு வாசலில் நின்று கேட்டார்.