செம்மண் சரிவு

கோழி கூவுமுன்னே சரிவில் நின்றோம். மூடுபனியில் பக்கத்தில் நிற்பவள் முகம் தெரியாது. மண்வெட்டி கல்லில் மோதும் ஓசையை வைத்துத்தான் யார் எங்கே என்று அறிவோம். முதுகில் பிள்ளை, காலடியில் வழுக்கும் மண்.

வாரத்தில் இரண்டு நாள், எங்கள் சொந்த நிலத்திலேயே வெள்ளைக்காரத் துரையின் உத்தரவுக்குக் கூலியில்லா வேலை. மழை மண்ணை அரிக்கிறதாம். எங்கள் பாரே மலை முழுவதையும் படிப்படியாக வெட்டி வரப்புக் கட்ட வேண்டுமாம். ஆண்கள் கீழே நார்க்கற்றாழைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். வெட்டியது நாங்கள். வெட்ட வெட்ட, சோளம் விளைந்த கறுப்பு மண் அடியில் போய், எதற்கும் உதவாத செம்மண் மேலே வந்தது.

கங்காணி சென்கொண்டோ என் புருஷனின் தம்பி. துரை கொடுத்த காக்கிக் கோட்டைக் கழற்றவே மாட்டான்.

"இடுப்பை நிமித்தவா வந்தீங்க, அண்ணி?"

"எனக்கு நிமித்த இடுப்பு இருக்கு, கொழுந்தனாரே. நீங்கதான் முதுகெலும்பைத் தொரை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்திருக்கீங்க."

பெண்கள் சிரித்தார்கள். நகிஜ்வா மட்டும் சிரிக்கவில்லை. அவள் சென்கொண்டோவின் மனைவி. எங்களோடுதான் வெட்டினாள்; ஆனாலும் அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாங்கள் பேசுவதெல்லாம் சாயங்காலமே அவன் காதுக்குப் போகிறது என்று நம்பினோம்.

அந்தச் சனிக்கிழமை, விடாத மழையின் மூன்றாம் நாள். புது வரப்புகளில் தண்ணீர் தேங்கி நின்றது. கீழ்ப்படியில் வெட்டிக்கொண்டிருந்த விதவை நாம்குந்தா குரல் கொடுத்தாள்.

"தண்ணி போக ஒரு வழி வெட்டிக்கிறோம், சென்கொண்டோ. மேல பாரு, நெறமாசக்காரி வயிறாட்டம் உப்பி நிக்குது."

"தொரை போட்ட அளவுக்கு மேல ஒரு வெட்டு விழக்கூடாது."

உச்சிப்பொழுதுக்கு முன் மேல்வரப்பு உடைந்தது. பெரிய சத்தமில்லை, ஈரத்துணி கிழிவதுபோல ஓர் ஒலி. சரிந்த மண் அடுத்தடுத்த படிகளையும் வாரிக்கொண்டு இறங்கியது. நாம்குந்தா மார்புவரை புதைந்தாள். மண்வெட்டி போட்டால் அவள் மேல் படும், கையாலேயே தோண்டினோம். நகங்கள் பிய்ந்தன. வெளியே இழுத்தபோது அவள் இடது கால் முறிந்து வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

மழையில் பாதை அறுந்து இரண்டு நாள் இறங்க முடியவில்லை. துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். செவ்வாய் விடியலில் கட்டிலோடு சேர்த்து அவளைக் கட்டி, தூக்கிப்போக நீளக் கொம்புகளைச் செருகினோம்.

சென்கொண்டோ துரையின் காவலாளிகள் இருவரோடு பாதையை மறித்து நின்றான்.

"எங்க கும்பலா? இன்னிக்கு வரப்பு நாள்."

"ஆஸ்பத்திரிக்கு," என்றேன்.

"தூக்க நாலு பேர் போதும். மத்தவளுக எல்லாம் மேல ஏறுங்க. சரிஞ்சதைத் திருப்பிக் கட்டணும். நீங்க அரைகுறையா வெட்டுனதாலதான் சரிஞ்சுதுன்னு தொரை சொல்லிட்டாரு."

"அவரு எப்ப வந்து பாத்தாரு?"

"அவரு பாக்க வேண்டியதில்ல. வராதவ நிலத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. மொதல்ல இவ நிலந்தான். படுத்துக் கெடக்குறவளுக்கு எதுக்கு நிலம்?"

நாங்கள் நாற்பது பெண்களும் கட்டிலைச் சுற்றி நெருங்கி நின்றோம். கட்டிலில் நாம்குந்தா தலையைத் தூக்கினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதானே தொரை ஆபீசு? என்னை அங்க கொஞ்சம் எறக்குங்கடி. இந்தக் காலை அவரும் பாக்கட்டும்."

பின்னாலிருந்து நகிஜ்வா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புருஷன் பக்கம் போகிறாள் என்று நினைத்து முழங்கையால் தடுத்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு முன்கொம்பில் தோள் கொடுத்தாள்.

"ஏய், வீட்டுக்குப் போடி!" என்றான் சென்கொண்டோ.

"போறேன். இவளைச் சேத்துட்டு வந்து போறேன்."

"திரும்பி வந்தா வீட்டுல எடமில்ல."

"அந்த வீட்டுச் சுவருக்கு மண்ணு மிதிச்சவ நான். வழியை விடுங்க."

ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் பள்ளம். எங்களை நிறுத்த வேண்டுமானால் கட்டிலைத்தான் கவிழ்க்க வேண்டும். காவலாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சென்கொண்டோ பிரம்பை ஓங்கினான். நாங்கள் நிற்கவில்லை. அவனே விளிம்புக்கு ஒதுங்கினான்.

வழியில் அடுத்த சரிவுப் பெண்கள் விசாரித்தார்கள். "எங்க மேட்டுலயும் தண்ணி அப்படியே நிக்குது" என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். நான் நகிஜ்வாவிடம் பேசவில்லை. ஓடையைக் கடக்கையில் அவள் தோளில் ரத்தம் கசிந்தது. என் மேல்துணியை மடித்துக் கொம்புக்கடியில் வைத்தேன்.

உச்சிவெயிலில் ஆபீசு வாசலில் கட்டிலை இறக்கினோம். துரை வாயைத் துடைத்தபடி வராந்தாவுக்கு வந்து, குமாஸ்தாவிடம் ஏதோ கேட்டார்.

"என்ன வேணும்னு கேக்குறாரு," என்றான் குமாஸ்தா.

"மலைக்கு வந்து பாக்கச் சொல்லு," என்றாள் நாம்குந்தா. "வந்து பாக்குற வரைக்கும் ஒருத்தியும் வரப்பு வெட்டமாட்டா."

துரை அவள் காலைப் பார்த்தார். பிறகு எங்களை எண்ணுவதுபோல் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

"போலீசுக்கு ஆள் போயிருக்கு. கலைஞ்சு போயிருங்க," என்று குமாஸ்தா மெல்லச் சொன்னான்.

நால்வர் நாம்குந்தாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் அந்த முற்றத்திலேயே உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தோம். அவித்த வாழைக்காயைப் பங்கிட்டுத் தின்றோம்.

போலீசு லாரியின் உறுமல் கேட்டபோது, "எந்திரிக்காதீங்கடி," என்றேன். யாரும் எழவில்லை. லாரி வாசலில் நிற்கும்போது, எதிர்மலைப் பாதையில் இன்னொரு பெண்கள் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.