லேகியமும் பத்தியமும்

மனச்சோர்வு மாத்திரையால் போன படுக்கை ஆசை, மாத்திரையை நிறுத்தி ஒரு வருடமாகியும் பேபிச்சனுக்குத் திரும்பவில்லை. வைத்தியர் கொடுத்த லேகியத்தைத் திறக்கப்போனவனை, அடுப்படியில் கரிமீன் பொரித்துக்கொண்டிருந்த மனைவி ஆலீஸ் தடுத்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு? இந்தக் கோளாறுக்கு மூலிகை கேக்கும்னு யாரும் சோதிச்சுப் பாக்கல, ஈரலும் கெடலாம், இருக்கறதும் மோசமாகலாம்னாரா இல்லியா?"

"பத்தியம் இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு வைத்தியர் சொல்றாரே."

"என்ன பத்தியமாம்?"

பேபிச்சன் தயங்கினான். "மீன் கூடாது. அப்புறம், மருந்து முடியறவரைக்கும் பொண்டாட்டிகூடப் படுக்கக் கூடாது."

"அந்தப் பத்தியம்தான் ஒரு வருஷமா நடக்குதே, இச்சாயா. மீனை வேற எதுக்கு விடணும்?"

வெடித்துச் சிரித்தவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். லேகியம் பரண் ஏறியது. கை மறுபடி தோளுக்கே வந்தது.

"கையை எடுங்க, மீன் கருகுது."

அவன் எடுக்கவில்லை. அவளும் இன்னொருமுறை சொல்லவில்லை.